குளிரை நிறுத்தும் பசை

— நாப்பத்தி மூணா? மதாம் போலியூ, இது அடுக்குமா? காலையில பத்து மணிக்கு உள்ள வந்தீங்க, இன்னும் மத்தியானச் சாப்பாடுகூட ஆகல, அதுக்குள்ள நாப்பத்தி மூணு ஓட்டை. ஒரு சல்லடையை வாங்கிட்டு வந்து எண்ணுனாக்கூட இவ்வளவு வராது.

— சல்லடைக்கு ஓட்டை இருக்கணும் முஸ்யே சபாக். நெருப்பைத் தடுக்குற தீச்சுவருக்கு இருக்கக்கூடாது. இது ரெண்டு மாடிக்கு உண்டான கணக்கு. இன்னும் மூணு மாடி பாக்கி.

— பாத்துப் போட்டுக் குடுங்க மதாம். ஒரு இருபதுன்னு எழுதிக்கங்க.

— நான் என்ன தக்காளியா விக்கிறேன்?

— தக்காளிக்காரிகூட ரெண்டு கூடப் போடுவா. நான் ரெண்டு குறைச்சுப் போடத்தான் கேக்குறேன். சரி, இருபத்தஞ்சு. உங்களுக்காக ஏத்திக்கிறேன்.

— தீயணைப்புத் துறையில நான் இன்ஸ்பெக்டரா இருபத்திரெண்டு வருஷம் ஓட்டியாச்சு. அழுதவங்களைப் பாத்திருக்கேன், மயக்கம் போட்டவங்களைப் பாத்திருக்கேன். ஓட்டையைப் பேரம் பேசுனவர் நீங்கதான் முதல் ஆளு. நாப்பத்தி மூணு. அடுத்தது.

— மதாம், நாளைக்கு என்ன தேதி? ஜூலை ஒண்ணு. மோன்ரியால் மொத்தமும் வீடு மாத்துற நாள். முப்பத்திரெண்டு குடும்பம் பழைய வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு, ஃப்ரிட்ஜையும் மெத்தையையும் லாரியில கட்டிக்கிட்டு, காலையில ஏழு மணிக்கு இந்த வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்க பழைய வீட்டுல எட்டு மணிக்கு வேற ஆளு குடி வந்திருப்பான். உங்க அனுமதிக் காகிதம் இல்லாம நான் கதவைத் தொறக்க முடியாது. அவங்களை எங்க படுக்கச் சொல்றீங்க, நடைபாதையிலயா?

— உள்ள படுக்கலாமான்னு பாக்கத்தான் வந்திருக்கேன். இது என்ன?

— கதவு.

— கதவுன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன். தீக்கதவு. எத்தனை நிமிஷம் தாங்கும்னு பக்கவாட்டுல ஒரு தகடு அடிச்சிருக்கணும். எங்க அது?

— இருக்கு மதாம். பெயிண்டுக்கு அடியில இருக்கு.

— பெயிண்டுக்கு அடியில நானும் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுதான். கீழே என்ன ரெண்டு விரல் சந்து?

— கார்ப்பெட் போட்டோம், கதவு இடிச்சுது. இவன் அடியில அறுத்து விட்டுட்டான். இவன்தான் தௌஃபிக், என் பொண்டாட்டியோட தம்பி. சுவர் வேலை, ஓட்டை அடைக்கிற வேலை எல்லாம் இவன் பொறுப்பு. மாப்ள, மதாமுக்கு வணக்கம் சொல்லு.

— வணக்கம் மதாம்.

— வணக்கம் தௌஃபிக். கார்ப்பெட் எங்க?

— அத்தானுக்குக் கலர் பிடிக்கல. எடுத்தாச்சு.

— கதவு திரும்ப வளரும்னு காத்திருக்கீங்களா?

— விடுங்க மதாம், ரெண்டு விரல் சந்து. கொஞ்சம் புகை போகும். போனா போகட்டுமே, காத்தோட்டம்.

— புகை வெளிய போகாது முஸ்யே. பக்கத்து வீட்டுக்குப் போகும். நெருப்பு இன்னும் சமையல்கட்டுல இருக்கும்போதே புகை படுக்கையறையில வேலையை முடிச்சிடும். தூங்குறவங்களை எழுப்பவும் செய்யாது. நாப்பத்தி நாலு.

— எழுதிட்டாங்கப்பா. பேனாவுக்கு மை யாரு ஊத்துறதோ.

— மேல போவோம். தௌஃபிக், ஏணியைக் கொண்டாங்க. மூணாம் மாடி தாழ்வாரத்துல அந்தக் கூரை அட்டையைத் தள்ளி, தலையை உள்ள விடுங்க. என்ன தெரியுது?

— இருட்டு மதாம்.

— டார்ச் அடிங்க.

— பக்கத்து வீடு தெரியுது.

— அப்புறம்?

— அதுக்கு அடுத்த வீடு. அதுக்கும் அடுத்த வீட்டுக் குளியலறை. அங்க லைட்டு எரியுது.

— இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல தீச்சுவர்னு வரைபடத்துல ஒரு கோடு பாத்தேனே. அது எங்க போச்சு?

— பொய்க்கூரை வரைக்கும் வந்து நின்னுடுச்சு.

— களைச்சுப் போயிருக்கும்.

— மதாம், ஒரு முழம். ஒரே ஒரு முழம் கண்ணுல படாத இடம். யாரு ஏணி போட்டு ஏறிப் பாக்கப்போறா?

— நெருப்பு ஏணி கேக்காது முஸ்யே சபாக். கான்கிரீட் தளம் வரைக்கும் போகாத சுவர் சுவரே இல்ல, திரைச்சீலை. நாலு வீடு, நாலு குறை.

— நாலுக்கும் சேத்து ஒண்ணு போடுங்க. மொத்தமா எடுக்குறோம்ல.

— நாப்பத்தி எட்டு.

— எங்கப்பா பெய்ரூட்டுல துணிக்கடை வெச்சிருந்தாரு. குண்டு விழும்போதுகூட வாடிக்கைக்காரங்க அவருக்கு ஒரு கஜம் விட்டுக் குடுத்தாங்க. இந்த ஊருல அமைதியா இருந்துக்கிட்டு ஒரு முழம் விடமாட்டேங்குறீங்க.

— இரும்புத் தூணு மேல பூச்சு இருந்துச்சே, சாம்பல் கலர்ல. அதைச் சுரண்டுனது யாரு?

— குழாய் மாட்டுறவன். கிளிப் பிடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதுவும் ஒரு குறையா? இரும்பு மதாம் அது. இரும்பு எரியாது.

— எரியாது. வளையும். வளைஞ்சா நாலாம் மாடி மூணாம் மாடிக்குக் குடி வரும். வாடகை யாருக்கிட்ட வாங்குவீங்க? நாப்பத்தி ஒம்போது. இந்தச் சாக்கடைக் குழாயைச் சுத்தி என்ன அடைச்சிருக்கு?

— கல்கம்பளி, கல்லை உருக்கி இழைச்ச பஞ்சு. முதல் தரம். நெருப்பே பயப்படும்.

— கல்கம்பளிக்குக் குதிகால் எப்ப முளைச்சுது?

— மாப்ள, என்னடா அது?

— சாக்ஸ், அத்தான். ஹாக்கி சாக்ஸ். பிளம்பர் விட்டுட்டுப் போனது.

— சிவப்பு, வெள்ளை, நீலம். நம்ம ஊர் டீமோடது.

— பாத்தீங்களா மதாம், பிளம்பர் உள்ளூர்ப் பற்றுள்ளவன்.

— இந்த வருஷம் அவங்க பந்தயத்துலயே எதையும் தடுக்கல. இங்க நெருப்பைத் தடுக்கப் போறாங்களா? ஐம்பது.

— ஐம்பது. முழு எண்ணு. அழகா இருக்கு. இதோட நிறுத்திக்குவோம். கீழே போயி ஒரு கவா குடிச்சுட்டுப் பேசுவோம், ஏலக்காய் போட்ட எங்க ஊர் காபி.

— குடிக்கிறேன். ஆனா நாலாம் மாடியைப் பாத்துட்டு. ம், இங்க பரவாயில்லயே. சிவப்புப் பசை, தீயைத் தடுக்குற சரக்கு இந்தக் கலர்லதான் வரும். ஒவ்வொரு வயரைச் சுத்தியும் அடைச்சு, விரலால வழிச்சு விட்டிருக்கு. ஒரு குமிழி இல்ல. இது யாரு கை?

— என் மச்சினன் கை. நான் சொல்லல? வேலைன்னா அது. ஒவ்வொரு மாடியிலயும் இப்படித்தான் அடைச்சிருக்கான். அந்தச் சாக்ஸும் நீங்க எண்ணுன ஓட்டைகளும்தான் இவன் கண்ணுல படாமப் போச்சு. மதாம் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை. மாப்ள, காலண்டர்ல குறிச்சு வை.

— ரெண்டாம் மாடியிலயும் சிவப்பா அடைச்சிருந்ததையெல்லாம் நான் எண்ணாம விட்டுட்டு வந்தேன். காலி டியூப் ஒண்ணு கிடைக்குமா?

— எதுக்கு மதாம்? குப்பை.

— தேதி பாக்கணும். பழசானா காஞ்சு வெடிக்கும்.

— மாப்ள, எல்லாத்தையும் அள்ளிப் போட்டாச்சுல்ல?

— ஒண்ணு இருக்கு அத்தான். ஜன்னல் ஓரத்துல. இந்தாங்க மதாம்.

— நன்றி. முஸ்யே சபாக், இதைக் கொஞ்சம் படிங்க.

— கண்ணாடி கார்ல கிடக்கு.

— அப்ப நான் படிக்கிறேன். கூப்-ஃப்ருவா.

— ஆமா. கூப்-ஃபே.

— ஃபே இல்ல. ஃப்ருவா.

— ஒரு எழுத்து அங்க இங்க.

— கூப்-ஃபேன்னா நெருப்பை நிறுத்துறது. கூப்-ஃப்ருவான்னா குளிரை நிறுத்துறது. ஜனவரியில ஜன்னல் சந்துல காத்து வராம இருக்க என் வீட்டுக்காரர் அடைக்கிறது. செங்கல் கலருக்காகச் சிவப்புல விக்கிறாங்க. தீக்குச்சி காமிச்சா கொழுப்பு மாதிரி உருகி ஓடும். இப்படி எத்தனை டியூப் போட்டீங்க தௌஃபிக்?

— இருநூத்தி நாப்பது.

— எந்தெந்த மாடி?

— எல்லா மாடியும்.

— அஞ்சு மாடி, ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு வயர். முஸ்யே சபாக், என்னோட ஐம்பதை அடிச்சிடலாம். அதெல்லாம் சில்லறை. வாழ்த்துகள். நெருப்பு பிடிச்சா உங்க குடித்தனக்காரங்க சளி பிடிக்காமச் சாவாங்க.

— டேய் மாப்ள. என்னைப் பாரு. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். ராத்திரிப் பள்ளிக்கூடம், பிரெஞ்சு வகுப்பு, எல்லாம் நான் அனுப்புனேன். பீட்ஸாக் கடையில மெனுவை எழுத்துக் கூட்டாம மடமடன்னு படிக்கிறல்ல? நெருப்புக்கும் குளிருக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு? கோழிக்குஞ்சுக்குத் தெரியுமேடா.

— ம்.

— ம்முங்குறான். மதாம், பாருங்க, இதை வெச்சுக்கிட்டுத்தான் நான் கட்டடம் கட்டுறேன். ஊர்ல இருந்தா இவன் எருமையை ஆடுன்னு வித்துட்டு வந்திருப்பான். அக்கா முகத்துக்காகச் சேத்துக்கிட்டேன். ஒரு டியூப்பைப் படிக்கத் தெரியாத தலை.

— தலையை விடுங்க. சாவியைக் குடுங்க. நான் கீழே சீல் வைக்கணும்.

— மதாம். மதாம், ஒரு நிமிஷம். ஜன்னலுக்கு வாங்க. கீழே பாருங்க, அந்த மஞ்சள் லாரி. நாளைக்கு வரச் சொன்னா இன்னிக்கே வந்துட்டாங்க. அந்தப் பொண்ணு தொட்டில்ல குழந்தையைப் படுக்கவெச்சு விசிறிக்கிட்டிருக்கா. அவங்க வீட்டு நம்பர் நாலு நாலு எட்டு, இதே மாடி. போயி அவகிட்ட நீங்க சொல்லுங்க, என்னால முடியாது.

— இதே காட்சியை எனக்கு வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் ஜன்னல்லேர்ந்து காமிக்கிறாங்க.

— காமிச்சு என்ன ஆகும்?

— சில சமயம் ஆகும். உக்காருங்க. ரெண்டு பாதை இருக்கு. தெரிஞ்சே மட்டமானதைப் போட்டிருந்தா, கட்டடம் இப்பவே மூடப்படும், விஷயம் கோர்ட்டுக்குப் போகும். குடித்தனக்காரங்களை நகராட்சி ஹோட்டல்ல தங்கவைக்கும், உங்க பொறுப்புல. அவங்க தெருவுல நிக்க மாட்டாங்க. அதனால தொட்டிலைக் காமிச்சு என்னை உருக்க வேண்டாம்.

— தெரியாமப் போட்டிருந்தா?

— தெரியாமப் போட்டிருந்தா, ஒவ்வொரு மாடித் தாழ்வாரத்துலயும் ஒரு காவல் ஆளு ராப்பகலா நடக்கணும். பத்து நாளைக்குள்ள இருநூத்தி நாப்பதையும் சுரண்டி எடுத்துட்டுச் சரியானதை அடைக்கணும். அந்த நாலு சுவரும் தளம் வரைக்கும் ஏறணும். அப்படின்னா நாளைக்கே கதவைத் தொறந்து குடி வைக்கலாம்.

— தெரியாமப் போட்டதுதான் மதாம். பச்சைக் குழந்தை மாதிரி தெரியாமப் போட்டது. இவன் மூஞ்சியைப் பாருங்க, தெரிஞ்சு செய்யிற மூஞ்சியா இது? பத்து நாள் வேணாம், எட்டு நாள்ல முடிக்கிறேன்.

— பேரத்துல முதல் தடவையா எனக்குச் சாதகமா இறங்குறீங்க.

— காவலுக்கு அஞ்சு பேருக்குப் பதிலா ஏழு பேரு. என் சொந்தக்காரங்க தூங்கவே மாட்டாங்க.

— நான் இன்னும் முடிக்கல. இது வாய்ப்பேச்சுல நடக்காது. அடைச்சவர் தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். பெயரைத் தப்பாப் படிச்சு, தெரியாம வேற சரக்கைப் போட்டுட்டேன்னு.

— போடுவான். பேனா குடுங்க.

— போட்டா அவரோட தகுதி அட்டையை நான் வாங்கிக்குவேன். இந்த ஊருல இனிமே அவர் தீச்சுவரைத் தொட முடியாது.

— எத்தனை மாசத்துக்கு?

— படிக்கத் தெரியாதவருக்கு எதுக்கு அட்டை? மொத்தமாத்தான்.

— ஒரு வருஷம்னு வெச்சுக்கங்க.

— முஸ்யே சபாக், இது உங்க அட்டை இல்ல. நீங்க பேரம் பேச வேண்டாம். தௌஃபிக், உங்களுக்குப் புரிஞ்சுதா நான் சொன்னது?

— புரிஞ்சுது மதாம்.

— இந்த அட்டைக்கு எத்தனை நாள் படிச்சீங்க?

— ரெண்டு குளிர்காலம். ரெண்டாவது தடவைதான் பாஸ் ஆனேன்.

— மாப்ள, அட்டை கிடக்குது அட்டை. பிளாஸ்டிக். உன்னைப் பட்டினி போடுவேனா நான்? கீழ்தளத்துல ஒரு ஆபீஸ் ரூம் போட்டுத் தரேன். மேனேஜர். சட்டை கசங்காம உக்காரலாம். யாரு பாத்ரூம்ல தண்ணி வரலேன்னாலும் நீ போன் எடுத்தாப் போதும். சிமெண்டுத் தூசியில இருமிக்கிட்டே இருக்கான்னு உங்கக்கா தினம் என்னைத்தான் திட்டுறா. அவளுக்கும் நிம்மதி.

— அக்காவுக்குத் தெரியுமா அத்தான்?

— என்ன தெரியுமா?

— நான் படிக்கத் தெரியாதவன்னு.

— இதுல என்னடா வெட்கம்? உங்கப்பன் கைநாட்டு, எங்கப்பன் பாதி கைநாட்டு. எழுதிக் குடுத்துட்டு எந்திரி. குழந்தை வெயில்ல கிடக்குது.

— மதாம், ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— பத்து நாள்ல இதை முடிக்க முடியாது. சுரண்டவே மூணு வாரம் ஆகும். அந்தப் பசை சீக்கிரம் விடாது. நாலு சுவரையும் ஏத்தணும்னா கூரையை மொத்தமாப் பிரிக்கணும்.

— டேய், வாயை மூடு. மதாம், இவன் பயத்துல உளர்றான். நான் நாப்பது ஆளை இறக்குறேன்.

— நீங்க பேசாம இருங்க முஸ்யே. தௌஃபிக், அதுவரைக்கும் காவல் ஆளு போட்டு நடத்தலாம்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?

— காவல் ஆளு நெருப்பு கண்ணுல பட்டாத்தானே கத்துவான். இது கூரைக்கு மேல போகும். நான் டார்ச் அடிச்சுப் பாத்தேனே, நாலு வீடு தெரிஞ்சுது. அந்தக் குழந்தையோட வீடு, நாலு நாலு எட்டு, அதுக்கு நேர் மேலதான்.

— அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— ரெண்டு பேரும் சேந்து யோசிங்க. நான் போயி லாரியைத் திருப்பி அனுப்புறேன், அந்தப் பொண்ணு என் சட்டையைப் பிடிக்கட்டும். மாப்ள, கேளு. நான் உன்னைத் திட்டுவேன், கத்துவேன், ஆனா பதினோரு வருஷத்துல ஒரு நாள் உன்னைத் தெருவுல விட்டிருக்கேனா? விசாவுக்கு வக்கீல் வெச்சது யாரு? உன் பொண்ணு பல்லுக்குக் கம்பி போட்டது யாரு? ஒரு வரி. ஒரே ஒரு வரி கேக்குறேன். 'தப்பாப் படிச்சுட்டேன்.' உலகத்துல யாரு தப்பாப் படிக்கல?

— சரி அத்தான். பேனாவைக் குடுங்க.

— அதான் என் மாப்ள. நான் சொல்லச் சொல்ல எழுது. 'நான், தௌஃபிக்…'

— நீங்க சொல்ல வேண்டாம் முஸ்யே. அவரே எழுதட்டும். பிரெஞ்சுல எழுத வருமா தௌஃபிக்? இல்லேன்னா அரபியில எழுதுங்க, நான் மொழிபெயர்க்க அனுப்பிக்கிறேன்.

— பிரெஞ்சுல வரும் மதாம்.

— ஒரு வரி போதும்டா. என்ன, ஓடிக்கிட்டே இருக்கு பேனா? பாத்தீங்களா மதாம், படிக்கத்தான் தெரியாது, எழுதச் சொன்னா நாவல் எழுதுறான். தேதியைப் போடு. கையெழுத்தைப் போடு. ஆச்சா? ஆச்சு. மதாம், படிச்சுக்கங்க, சாவி என் பையிலயே இருக்கட்டும். நான் கீழே போயி லாரியை உள்ள விடச் சொல்றேன்.

— இருங்க முஸ்யே சபாக், போகாதீங்க. கையெழுத்து அழகா இருக்கு, ஒரு பிழை இல்ல. நீங்களும் கேளுங்க: 'நான் வாங்கி வந்தது கூப்-ஃபே, இருநூற்று நாற்பது டியூப். மே பன்னிரண்டாம் தேதி காலை என் அத்தான் அவற்றை வேனில் ஏற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாலையில் மலிவான கூப்-ஃப்ருவாவோடு வந்தார். இரண்டு பெயரையும் நான் சரியாகத்தான் படித்தேன், படித்துவிட்டுத்தான் அடைத்தேன்.'